பள்ளம் தோண்டிப் பூகம்பம் கண்ட நிருபர்

சிகாகோவைப் பூகம்பம் உலுக்கியதாக எந்தப் பூகோள வாத்தியாரும் பாடம் நடத்தியதில்லை. ஆனால் முதல் உலகப் போருக்கு முந்தைய ஒரு நாளில், ‘சிகாகோ ஜர்னல்’ என்ற பத்திரிகையில் மட்டும் பூகம்பம் வந்தது. படத்தோடு வந்தது. லிங்கன் பூங்காவை ஒட்டிய ஏரிக்கரையில் தரை பிளந்து கிடந்தது. அலமாரியிலிருந்து பீங்கான் தட்டுகள் உருண்டு விழுந்ததாகக் குடும்பத்தலைவிகள் வேறு பதறிப்போய்ப் பேட்டி கொடுத்திருந்தார்கள். பூமி பிளந்ததில் பூமாதேவிக்குச் சம்பந்தமில்லை. ஜீன் கோர் என்ற புகைப்படக்காரரும் பென் ஹெக்ட் என்ற பொடிப்பயல் நிருபரும் வியர்க்க விறுவிறுக்க வெட்டிய பள்ளம் அது.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், குற்றவாளியே கொடுத்த வாக்குமூலம். 1954-ல் ‘எ சைல்ட் ஆஃப் தி செஞ்சுரி’ என்ற பெயரில் ஹெக்ட் தன் சுயசரிதையை வெளியிட்டார். அறுநூறு பக்கத்துக்கு மேல். தான் விட்ட கப்ஸாக்களைக் கூச்சநாச்சமில்லாமல் அதில் வரிசையாகச் சொல்லியிருக்கிறார். சிக்கல் என்னவென்றால், ‘நான் பொய் சொன்னேன்’ என்று ஒரு பொய்யர் சொன்னால் அதை எவ்வளவு தூரம் நம்புவது? பள்ளம் வெட்டினேன் என்பதே ரீலாக இருந்தால்? அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் தலையைச் சொறிந்துவிட்டு, ‘ஹெக்ட் சொன்னபடி’ என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். நானும் அந்த வழியேதான் போகிறேன். கீழே வரும் வழக்கு, தேதி, நாடகம், சினிமா எல்லாம் ரெக்கார்டில் இருப்பவை. சிரிப்பு வரும் இடங்கள் பெரும்பாலும் அவர் சொன்னவை.

பிறந்தது 1893-ல், நியூயார்க்கில். ரஷ்யப் பேரரசிலிருந்து பிழைப்புத் தேடி வந்த யூதக் குடும்பம். பிறகு விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். பையன் வயலின் வாசித்தான், சர்க்கஸ் வித்தை பழகினான், கிடைத்த புத்தகத்தையெல்லாம் மேய்ந்தான். 1910-ல் மேடிசன் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். சில நாளிலேயே, இங்கே கற்க ஒன்றுமில்லை என்ற முடிவுக்கு வந்து, வீட்டுக்குக்கூடச் சொல்லாமல் சிகாகோவுக்கு ரயிலேறிவிட்டான். வயது பதினேழு. போய் இறங்கியதும் வேலை தேடினானா என்றால், இல்லை. ஒரு தியேட்டர் வாசலில் டிக்கெட் கியூவில் நின்றான்.

அதிர்ஷ்டம் அந்தக் கியூவில்தான் வந்தது. தூரத்துச் சொந்தமான மாமா ஒருவர் பையனைப் பார்த்துவிட்டார். ‘வேலை வேணுமா, வா’ என்று ‘ஜர்னல்’ பத்திரிகையின் முதலாளி ஜான் ஈஸ்ட்மனிடம் இழுத்துப்போனார். முதலாளி அன்று மாலை நண்பர்களுக்கு விருந்து வைத்திருந்தார். விருந்தில் வாசித்துச் சிரிக்க ஒரு கில்மாப் பாட்டு வேண்டும். காளை மாடு ஒன்று புல்லோடு சேர்த்து ஒரு வண்டை விழுங்கிவிடுகிறது. வண்டு உள்ளே போய்ப் பழிவாங்கத் துடிக்கிறது. கொட்டுவதற்குள் கதகதப்பில் தூங்கிவிடுகிறது. விழித்துப் பார்த்தால் மாட்டைக் காணோம். இதைச் செய்யுளாக எழுது என்றார் முதலாளி. பையன் எழுதினான். வேலை கிடைத்தது. மாட்டின் பின்பக்கத்தை நம்பிப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவர் அமெரிக்காவில் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

வேலை என்றால் எழுத்து வேலை இல்லை. படம் கொண்டுவரும் வேலை. அந்தக் காலத்துச் சிகாகோவில் கொலை, தற்கொலை, ஓடிப்போதல் என்று எது நடந்தாலும், சம்பந்தப்பட்டவரின் படம் அன்றைய பதிப்பில் வந்தாக வேண்டும். நகரத்தில் பத்திரிகைகளுக்குப் பஞ்சமில்லை. யார் முந்துகிறார் என்பதுதான் கேள்வி. செத்தவர் வீட்டில் போய்ப் ‘படம் கொடுங்கள்’ என்றால் கொடுப்பார்களா? ஆகவே திருட வேண்டும். ஹெக்ட் கோட்டுக்குள் பெரிய பெரிய பைகள் தைத்துக்கொண்டான். ஜன்னல் வழியாக ஏறினான். பிடிபட்டால் கேஸ் மீட்டர் பார்க்க வந்தவன் என்றான். சில இடத்தில் பிணப்பெட்டிக் கடையிலிருந்து வந்த உதவியாள் என்றான். ஒரு வீட்டில் கதவைத் திறக்கவே மாட்டேன் என்றார்களாம். கூரையில் ஏறிப் புகைபோக்கியைப் பலகை வைத்து அடைத்துவிட்டான். உள்ளே புகை சூழ்ந்து, துக்கத்தில் இருந்தவர்கள் இருமிக்கொண்டே வெளியே ஓடிவர, இவன் உள்ளே போய்ப் படத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். படித்தால் சிரிப்பு வருகிறது. அந்த வீட்டுக்காரர்கள் சுயசரிதை எழுதவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

படத் திருட்டிலிருந்து பதவி உயர்வு கிடைத்ததும் செய்தித் தயாரிப்பில் இறங்கினான். ‘செய்தி சேகரிப்பு’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. பூகம்பம் அப்போது விளைந்ததுதான். சிகாகோ ஆற்றில் கடற்கொள்ளையரைப் போலீஸ் படகில் துரத்தியது இன்னொன்று. கடைசியாக ஒரு ருமேனிய இளவரசியைக் கொண்டுவந்தான். காதலுக்காக அரண்மனையை உதறிவிட்டு, சிகாகோவில் வந்து கஷ்டப்படும் அழகியின் கண்ணீர்க் கதை. முதல் பக்கத்தில் படத்தோடு வந்தது. முதலாளி ஈஸ்ட்மன் பத்திரிகையைப் பிரித்தார், இளவரசியைப் பார்த்தார், அடையாளம் தெரிந்துகொண்டார். ஊரில் பெயர்பெற்ற ஒரு விலைமாதின் படம் அது. அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிற தைரியம் அலுவலகத்தில் யாருக்கும் இல்லை. அத்தோடு ஹெக்டின் கற்பனைக் குதிரைக்குக் கடிவாளம் போட்டார்கள்.

1914-ல் ‘சிகாகோ டெய்லி நியூஸ்’ பத்திரிகைக்கு மாறினான். போர் முடிந்ததும் ஜெர்மனியில் நடந்த புரட்சியைப் பற்றி எழுத பெர்லினுக்கு அனுப்பினார்கள். பெர்லின் போய் வந்தவரை இனியும் ‘அவன்’ என்று எழுதுவது முறையில்லை. அவர் திரும்பி வந்தபோது டெய்லி நியூஸ் ஒரு விசித்திரமான இடமாக ஆகியிருந்தது. செய்தி ஆசிரியர் ஹென்றி ஜஸ்டின் ஸ்மித்துக்குத் தினசரி என்பதே அன்றாடம் வெளிவரும் ஒரு நாவல். நிருபர்களெல்லாம் நாவலாசிரியர்களாக வேண்டும் என்று ஆசைப்பட்டார். சும்மா சொல்லக்கூடாது, பக்கத்து மேஜையில் இருந்தவர் கார்ல் சாண்ட்பர்க். பின்னாளில் புலிட்சர் பரிசெல்லாம் வாங்கிய கவி. அங்கே சினிமா விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தார்.

1920-ல் ஹெக்டுக்கு ஒரு நிஜக் கொலை கிடைத்தது. கார்ல் வாண்டரர் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி கர்ப்பிணி மனைவியோடு சினிமா பார்த்துவிட்டு வீடு திரும்பினார். வாசல் இருட்டில் கந்தல் உடுத்திய ஒருவன் வழிமறித்தான். துப்பாக்கிகள் வெடித்தன. மனைவியும் வழிப்பறிக்காரனும் பிணமானார்கள். வாண்டரர் ஒரே இரவில் வீரராகிவிட்டார். மறுநாள் பேட்டிக்குப் போன ஹெக்டுக்குச் சந்தேகம் தட்டியது: பெண்டாட்டி செத்த மறுநாள் ஒருவன் சீட்டியடித்தபடி பேண்டுக்கு இஸ்திரி போடுவானா? கடைசியில் இரண்டு துப்பாக்கியும் வாண்டரர் கொண்டுவந்தவை என்று துப்பு துலங்கியது. பொய்யாக ஒரு வழிப்பறி நாடகம் போட, தெருவில் திரிந்த ஓர் ஏழையைக் கூலிக்குப் பிடித்து வந்து இருவரையும் சுட்டிருக்கிறான். துப்பு துலக்கிய பெருமையை ஹெக்ட் எடுத்துக்கொண்டார். சிகாகோவில் அதே பெருமையைக் கேட்டு இன்னும் சில நிருபர்கள் நின்றார்கள் என்பது தனிக்கதை.

தண்டனைக்குக் காத்திருந்த வாண்டரருடன் ஹெக்டும், சார்லஸ் மெக்ஆர்தர் என்ற போட்டிப் பத்திரிகை நிருபரும் சிறைக்குள் சீட்டாடி நட்பாகிவிட்டார்கள். தூக்குமேடையில் வாசிக்கச் சொல்லி ஒரு தாளைக் கொடுத்தார்களாம். அதில் இருந்தது இவர்களுடைய ஆசிரியர்களைத் திட்டும் வாசகம். தூக்கில் போடும்போது கையைக் கட்டிவிடுவார்கள், தாளைப் பிடிக்க முடியாது என்பது இருவருக்கும் தோன்றவில்லை. வாண்டரர் அதற்குப் பதிலாக அந்தக் காலத்து ஜனரஞ்சகப் பாட்டு ஒன்றைப் பாடினான். 1921 செப்டம்பரில் அப்படிப் பாடிக்கொண்டே செத்தான். நல்ல குரல், பாட்டுத் தொழிலுக்குப் போயிருக்கலாமே என்று கீழே நின்ற நிருபர்கள் அபிப்பிராயம் சொன்னார்கள். செத்த கந்தல்காரன் யார் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் ஊரே திணறியது.

அதே ஆண்டில் ஹெக்ட் செய்த உருப்படியான காரியம் ‘ஆயிரத்தொரு சிகாகோ மதியங்கள்’ என்ற தினசரிப் பத்தி. தெருமுனை, கோர்ட், சலூன், வேலையில்லாதவன், தனியாக டீ குடிக்கும் கிழவி என்று நகரத்தின் எலும்பு தெரியும்படி எழுதினார். இன்று நம் பத்திரிகைகளில் வரும் நடைச்சித்திரங்களை விரும்புகிறவர்கள் இதைத் தேடிப் படிக்கலாம். இதில் வரும் மனிதர்களில் எத்தனை பேர் சிகாகோவில் நிஜமாக வசித்தார்கள் என்று கேட்காதீர்கள். 1922-ல் அது புத்தகமானது. அதே ஆண்டு ‘ஃபண்டாசியஸ் மல்லார்’ என்ற நாவலும் வந்தது. ஆபாசம் என்று அரசாங்கம் வழக்குப் போட்டது. எழுதியவருக்கும் படம் வரைந்தவருக்கும் ஆளுக்கு ஆயிரம் டாலர் அபராதம். நிருபர்கள் நாவலாசிரியர்களாக வேண்டும் என்று ஆசைப்பட்ட பத்திரிகை, ஒருவர் நிஜமாகவே ஆனதும் வேலையை விட்டு அனுப்பிவிட்டது.

வேலை போனதும் எல்லா எழுத்தாளர்களும் செய்வதைச் செய்தார்: சொந்தமாகச் சிற்றிதழ் தொடங்கினார். ‘சிகாகோ லிட்டரரி டைம்ஸ்’ 1923-ல் பிறந்து 1924-ல் மூச்சை நிறுத்தியது. கூட்டாளி மேக்ஸ்வெல் போடன்ஹைம் என்ற கவிஞர். இந்த ஜோடி காசு சம்பாதிக்க ஒரு பட்டிமன்றமும் நடத்தியதாகச் சொல்வார்கள். தலைப்பு: இலக்கியப் பட்டிமன்றங்களுக்கு வருகிறவர்கள் மடையர்களே. டிக்கெட் வாங்கி வந்து உட்கார்ந்திருந்தது ஊரின் கனவான் கூட்டம். மடையர்களே என்ற அணியின் ஹெக்ட் எழுந்தார், கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார், என் வாதம் முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டார். எதிரணிப் போடன்ஹைம் எழுந்தார், அவரும் ஒரு சுற்றுப் பார்த்தார், நீ ஜெயித்துவிட்டாய் என்றார். வசூலைப் பங்கு பிரித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

பிறகு நியூயார்க், அங்கே பஞ்சப்பாட்டு. அந்த நேரத்தில்தான் ஹாலிவுட்டிலிருந்து ஹெர்மன் மேன்கிவிட்ஸ் என்ற சக பத்திரிகையாளரின் தந்தி வந்தது. இங்கே கோடிகோடியாகக் கொட்டிக் கிடக்கிறது, போட்டிக்கு இருப்பவர்கள் எல்லாம் முட்டாள்கள், வெளியே சொல்லிவிடாதே என்பது சாரம். ஹெக்ட் போய்ச் சேர்ந்தார். செய்தியில் கப்ஸா விட்டால் வசவு விழுந்தது. இங்கே அதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். சிகாகோ ரவுடிகளை வைத்து ‘அண்டர்வேர்ல்ட்’ என்ற கதையை எழுதினார். டைரக்டர் ஸ்டெர்ன்பெர்க் செய்த மாற்றங்களைப் பார்த்துக் கொதித்துப்போய், என் பெயரை எடுத்துவிடு என்று தந்தியடித்தார். பெயரை எடுக்கவில்லை. 1929-ல் நடந்த முதல் ஆஸ்கர் விழாவில் சிறந்த கதைக்கான பரிசு அந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது. சிலையைக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைத்திருந்தார் என்று ஒரு பேச்சு உண்டு.

அவர் பெயர் நிலைத்தது அதற்கு முந்தைய ஆண்டில். 1928 ஆகஸ்டில், அதே மெக்ஆர்தரோடு சேர்ந்து எழுதிய ‘தி ஃப்ரன்ட் பேஜ்’ நாடகம் நியூயார்க்கில் மேடையேறியது. மேடை முழுக்க ஒரே அறை: சிகாகோ குற்றவியல் நீதிமன்றத்தின் நிருபர் அறை. வெளியே தூக்குமேடையைச் சரிபார்க்கிறார்கள், உள்ளே நிருபர்கள் சீட்டாடுகிறார்கள். மேயருக்குத் தேர்தல் கவலை, ஷெரீஃபுக்குப் பதவிக் கவலை. தூக்குக் கைதி தப்பி இந்த அறைக்குள்ளேயே வந்து விழ, ஹில்டி ஜான்சன் என்ற நிருபர் அவனை ஒரு மேஜைக்குள் மூடி ஒளித்துவைக்கிறான். மனிதாபிமானத்தால் அல்ல, மற்ற பத்திரிகைக்காரர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதால்.

இதில் வரும் பலர் அசல் ஆட்கள். ஹில்டிங் ஜான்சன் என்ற சிகாகோ நிருபரின் பெயரைக்கூட முழுதாக மாற்றவில்லை. கொடுங்கோல் ஆசிரியர் வால்டர் பர்ன்ஸுக்கு மூலம், ஹர்ஸ்ட் பத்திரிகைகளின் வால்டர் ஹௌவி. அவருக்கு ஒரு கண் கண்ணாடிக் கண். எது கண்ணாடி என்று கண்டுபிடிக்க வேண்டுமா, கொஞ்சமாவது ஈரம் தெரிகிறதே அந்தக் கண்தான் என்று ஹெக்ட் சொல்வாராம். தப்பிய கைதிக்கும் மூலம் உண்டு. டாமி ஓ’கானர் என்ற கொலைக் கைதி 1921 டிசம்பரில், தூக்குக்குச் சில நாள் முன்பு சிகாகோ சிறையிலிருந்து ஓடினான். சாகும்வரை தூக்கில் போட வேண்டும் என்பது தீர்ப்பு. இல்லினாய் மாநிலம் பிற்பாடு மின்சார நாற்காலிக்கு மாறிவிட்டது. ஆனால் தீர்ப்பைத் திருத்த முடியாதே. அகப்பட்டால் தேவைப்படும் என்று அந்தத் தூக்குமேடையைக் கழற்றி 1977 வரை பத்திரமாக வைத்திருந்தார்கள். ஆசாமி அகப்படவே இல்லை. ஹெக்ட் புளுகுக்குப் பேர்போனவர்தான், ஆனால் சிகாகோவே இப்படி இருந்தால் அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

பத்திரிகைத் தொழிலின் கேவலத்தைத் தோலுரிக்கத்தான் இருவரும் உட்கார்ந்தார்கள். எழுதி முடித்துப் பார்த்தால் காதல் கடிதமாக வந்திருந்தது என்று அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தொப்பியும், வாயில் சிகரெட்டும், தொலைபேசியில் இரைச்சலுமாக ஒரு நிருபரை நாம் கற்பனை செய்கிறோமே, அந்த உருவம் பெருமளவு இந்த நாடகத்திலிருந்து உலகம் முழுவதும் பரவியது.

அடுத்து ‘ஸ்கார்ஃபேஸ்’ படம். தயாரிப்பாளர் ஹோவர்ட் ஹியூஸ். அந்தப் பணக்காரரை நம்பாமல், ஒவ்வொரு நாள் மாலை ஆறு மணிக்கும் ஆயிரம் டாலர் ரொக்கமாகக் கையில் வர வேண்டும் என்று ஹெக்ட் ஒப்பந்தம் போட்டார். போட்டுவிட்டு, இரண்டு வாரம்கூட எடுத்துக்கொள்ளாமல் எழுதி முடித்துவிட்டார். நாட்கூலி வாங்குகிறவன் வேலையை இழுக்க வேண்டும் என்ற சூட்சுமம்கூடத் தெரியாத மனிதர்! ஓர் இரவு சிகாகோ தாதா அல் கபோனின் ஆட்கள் இரண்டு பேர் அந்தத் திரைக்கதையின் பிரதியோடு ஹோட்டல் அறைக்கே வந்தார்களாம். இது எங்கள் அல்லைப் பற்றியதா? சேச்சே, இல்லவே இல்லை. அப்புறம் ஏன் ‘தழும்பு மூஞ்சி’ என்று தலைப்பு? அல்லைப் பற்றிய படம் என்று நினைத்துக் கூட்டம் வரட்டும் என்றுதான், இதுதான் சினிமா வியாபாரம் என்றார் ஹெக்ட். வந்தவர்கள் யோசித்தார்கள். வியாபாரம் அவர்களுக்கும் புரிந்த விஷயம். போய்விட்டார்கள்.

‘கான் வித் தி விண்ட்’ கதை இன்னும் வேடிக்கை. 1939-ல் படப்பிடிப்பை நிறுத்திவிட்டு தயாரிப்பாளர் செல்ஸ்னிக் இவரை அள்ளிக்கொண்டு போனார். நாவலைப் படித்ததில்லை என்றார் ஹெக்ட். படிக்க நேரமில்லை என்று தயாரிப்பாளரும் டைரக்டர் விக்டர் ஃப்ளெமிங்கும் ஒவ்வொரு காட்சியாக நடித்துக் காட்டினார்கள். வாழைப்பழமும் வேர்க்கடலையும்தான் சாப்பாடு. சில நாளில் ஃப்ளெமிங்குக்குக் கண்ணில் ரத்தக்குழாய் வெடித்தது, செல்ஸ்னிக் வாழைப்பழம் தின்னும்போதே சுருண்டு விழுந்தார் என்கிறார். திரையில் ஹெக்ட் பெயர் இல்லை. அவர் கேட்கவும் இல்லை.

சிரிப்பை நிறுத்த வேண்டிய இடம் ஒன்று வருகிறது. ஐரோப்பாவில் யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்கிறார்கள் என்ற செய்தியை அமெரிக்கத் தினசரிகள் உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டுக்கொண்டிருந்தபோது, ஹெக்ட் கத்தினார். ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ இதழில் எழுதினார். பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தார். 1943 மார்ச்சில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கர்ட் வைல் இசையோடு அவர் எழுதிய நினைவு நாடகத்தைப் பார்க்க ஒரே இரவில் நாற்பதாயிரம் பேர் வந்தார்கள். அரசாங்கம் அசையவில்லை. இளவரசியையும் பூகம்பத்தையும் முதல் பக்கத்தில் போட்ட தொழில், இந்த மனிதர் கொண்டுவந்த உண்மைக்கு உள்பக்கத்தைக் கொடுத்தது.

அதற்குப் பின் எல்லை தாண்டினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷாரை எதிர்த்துக் குண்டு வைத்த இர்குன் ஆயுதக் குழுவுக்கு நிதி திரட்டினார். 1947-ல் அவர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, பிரிட்டிஷார் மீது விழும் ஒவ்வொரு அடியையும் கொண்டாடினார். செத்த சிப்பாய்களுக்கும் வீடு இருக்கும், அந்த வீட்டுச் சுவரிலும் ஒரு படம் மாட்டியிருக்கும் என்பது, இளமையில் அந்தப் படங்களைத் திருடிய ஆளுக்குத் தோன்றவில்லை. 1948-ல் பிரிட்டிஷ் சினிமாக்கொட்டகைக்காரர்கள் அவர் பெயர் வரும் படங்களைப் புறக்கணித்தார்கள். சில வருஷம் பெயரில்லாமலும் பொய்ப் பெயரிலும் குறைந்த கூலிக்கு எழுதினார்.

கடைசிக் காலத்தில் ஒரு கௌரவ வேலை: 1954-ல் மர்லின் மன்றோ சொல்லச் சொல்ல அவருடைய சுயசரிதையை எழுதிக் கொடுத்தார். அது புத்தகமாக வந்தது 1974-ல், மன்றோ பெயரில். இரண்டு பேருமே அப்போது உயிரோடு இல்லை. அதில் எது மன்றோ, எது ஹெக்ட் என்று பிரிக்க ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். ஹெக்ட் 1964 ஏப்ரலில் நியூயார்க்கில் இறந்தார்.

என்னைக் கேட்டால், நிருபராக இவரைப் பக்கத்தில் சேர்க்க மாட்டேன், எழுத்தாளராக விடமாட்டேன். அந்த அறுநூறு பக்கத்துக்குப் பொறுமை இல்லாதவர்கள் ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’ என்ற 1940 ஆண்டுப் படத்தைப் பாருங்கள். ‘ஃப்ரன்ட் பேஜ்’ நாடகமேதான், ஹில்டி ஜான்சனை மட்டும் பெண்ணாக்கியிருப்பார்கள். படத்தின் காப்புரிமையை யாரும் புதுப்பிக்காமல் விட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஒன்றரை மணி நேரம்தான். வசனம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி ஓடும். சப்டைட்டில் மூச்சு வாங்கும். இரண்டு முறை பார்க்க வேண்டியிருக்கும், நேரம் ஒதுக்கிக்கொண்டு உட்காருங்கள்.